புகைபோக்கியின் ஈரம்

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டு அடுப்படிக்கு ஒரு பித்தளை அண்டா வந்துவிடும். திருவையாற்றுக்குத் தெற்கே, குடமுருட்டிக் கரையை ஒட்டிய கிராமத்தில் நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. சுவரில் பழுப்பாக இறங்கும் கறையின் கீழே அம்மா அண்டாவை வைப்பாள். 2018 நவம்பரில் கஜா புயல் கடந்த பிறகு அண்டா இரண்டாயிற்று.

கறைக்கு நேர் மேலே இருமுறை சிமெண்டு பூசினோம். இரண்டுமே அடுத்த மழைக்குள் வெடித்தன. “கேஸ் வந்து இருபது வருஷமாச்சு. புகையில்லாத வீட்டுக்குப் புகைபோக்கி எதுக்கு? இடிச்சிட்டு ஓடு போட்டு மூடிடலாம்” என்றான் அண்ணன். அம்மா பதில் சொல்லவில்லை. அன்றிரவு சாப்பிடவும் இல்லை.

சென்ற பங்குனியில் வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். “தம்பி, கறை இருக்கற எடத்துல ஓட்டை இருக்காது. தண்ணி கைமரத்தப் புடிச்சு நடந்து வந்திருக்கும்” என்றார். கூரையின் கீழ்ப்புறத்திலிருந்து தொடங்கி, குடம் குடமாக நீர் ஊற்றியபடி மெல்ல மேலேறினோம். அம்மா உள்ளே டார்ச் விளக்குடன் நின்றாள். புகைபோக்கியின் மேற்சரிவுப் பக்கம் ஊற்றியபோது அவள் குரல் கேட்டது.

ஓட்டைப் பிரித்தால், வேப்பஞ்சருகு மக்கி மண்ணாகிக் கிடந்தது. அதில் ஓர் அரசங்கன்று. வேர் செங்கல் இடுக்குக்குள் போயிருந்தது. மரம் மழையில் ஊறும், வெயிலில் சுருங்கும். செங்கல் அப்படி அசையாது. இரண்டுக்கும் நடுவே விறைத்து நிற்கும் சிமெண்டு வெடிக்காமல் என்ன செய்யும்? வேரைப் பிடுங்கி, செங்கல்லில் காடி வெட்டி, துத்தநாகத் தகட்டை மடித்துச் செருகிச் சுண்ணாம்புக் காரையால் அடைத்தார். தகட்டின் மேல்விளிம்பு மேல் ஓடுகளுக்கு அடியில். கீழ்விளிம்பு கீழ் ஓடுகளுக்கு மேல். நீர் இறங்கும் போக்கிற்கு எங்கும் எதிர்ப்பில்லை.

“முன்னெல்லாம் ஒழுகினதே இல்லையே?” என்றேன்.

“அப்ப தினம் அடுப்பு எரிஞ்சுச்சு. நனைஞ்ச செங்கல்லு காஞ்சிடும். கரி அடிக்கறேன்னு வருஷத்துக்கு ஒரு ஆள் மேல ஏறுவான்.”

கேஸ் வந்தபின் எங்களில் ஒருவரும் கூரையேறிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புகையை நிறுத்தியவர்கள் நாங்கள். குற்றத்தைப் புகைபோக்கியின் மேல் போட்டிருந்தோம்.

அந்த ஐப்பசியில் அடைமழை நான்கு நாள் பெய்தது. சுவர் நனையவில்லை. அண்ணனுக்குத் தொலைபேசினேன். “எவ்வளவு ஆச்சு?” என்றான். சொன்னேன். இடித்திருந்தால் இதைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும்.

அம்மா அப்போது பழைய அடுப்பில் வெந்நீருக்காகக் கொட்டாங்கச்சியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.