என் எடைக்குக் கேழ்வரகு

இரண்டு வருடங்களுக்கு முன், அந்தோனியார் திருநாள் அன்று, பூசைக்கு வந்திருந்த இளம் சாமியார் ஒரு கதை சொன்னார். பிரான்சில் தூலோன் என்ற துறைமுக ஊர். 1890, மார்ச் 12. லூயிஸ் பூஃபியே என்ற பெண் காலையில் தன் சிறிய கடையைத் திறக்கப் போகிறார். பூட்டு திறக்கவில்லை. பூட்டு வேலை தெரிந்த ஆள் வந்து பார்த்துவிட்டு, கதவை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்கிறார். அந்தம்மா அந்தோனியாரிடம் வேண்டிக்கொள்கிறார்: உடைக்காமல் திறந்தால் ஏழைகளுக்கு ரொட்டி கொடுக்கிறேன். கதவு திறந்துவிடுகிறது. நாம் கொடுக்கும் அந்தோனியார் ரொட்டி அங்கே தொடங்கியதுதான் என்று சாமியார் முடித்தார்.

எனக்கு அன்று பூசை முடியும் வரை மனம் நிலைகொள்ளவில்லை. கதை பொய் என்று நினைக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஜூன் 13 அன்று கொடுத்தது ரொட்டி அல்ல, களி. அதற்கும் பூட்டுக்கும் சாவிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ராயக்கோட்டை தானிய மண்டியில் தராசின் ஒரு தட்டில் என்னை உட்கார வைத்து, மறு தட்டில் கேழ்வரகைக் கொட்டி, என் எடைக்கு நிறுத்த தானியத்தை மாவாக்கிக் களி கிண்டி ஊருக்குப் போட்டாள் எங்கள் ஆயா. 1970, ஜூன் 13. அப்பா இந்தத் தேதியை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் இருந்தவரை ஒவ்வொரு வருடமும் அதே நாளில் வாசலில் ஓர் அண்டா களி கிண்டுவோம். அவர் போன பிறகு அது பேக்கரி பன்னாகச் சுருங்கிவிட்டது. சுருங்க விட்டவன் நான்தான்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எடைக்கருவிகளையும் அளவுக்கருவிகளையும் சரிபார்ப்பது என் வேலை. ஒரு கிராம் பிசகினாலும் எழுதி வைப்பவனுக்குத் தன் முதல் எடை தெரியாமல் இருப்பது உறுத்தாதா? அன்று நான் எத்தனை கிலோ இருந்தேன்? கோவில் வாசலில் பன்னை வினியோகித்துக்கொண்டே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எடையைக் கண்டுபிடித்தால் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் பின்னாலேயே வந்துவிடும் என்று நம்பினேன்.

முதலில் யாரிடம் கேட்டாலும் வந்த பதில் துலாபாரம்தான். என்னோடு வேலை செய்யும் மலையாளி நண்பர் குருவாயூரில் தன் மகளுக்கு வாழைப்பழத்தில் துலாபாரம் கொடுத்தவர். "உங்க ஆயா அதைப் பார்த்துத்தான் செஞ்சிருப்பாங்க" என்றார். இருக்கலாம் என்று நானும் எண்ணினேன். பக்கத்துத் தெருச் சடங்கு நம் வீட்டுக்குள் வருவதில் என்ன அதிசயம்? எங்கள் ஊரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகின்றன.

ஆனால் ஆயா கோவில் பக்தி மிகுந்தவள். சாமியாரைப் பார்த்தால் முக்காட்டை இழுத்துவிட்டு "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்றுதான் ஆரம்பிப்பாள். பச்சைத் தண்ணீரைக்கூட மந்திரித்து வாங்கி வருபவள். அவள் சாமியாரைக் கேட்காமல் இதைச் செய்திருக்க மாட்டாள். அப்படியானால் கோவில் பதிவேட்டில் ஒரு வரியாவது இருக்கும் என்று எனக்குப் பட்டது.

அந்த நினைப்பில் மூன்று சனிக்கிழமைகள் போயின. எங்கள் பக்கம் 1930-ல் சேலம் மறைமாவட்டத்தில் சேர்ந்தது. 1997-ல் தருமபுரி மறைமாவட்டம் தனியானது. பங்குகள் பிரியப் பிரியப் பதிவேடுகளும் இடம் மாறின. விசாரித்து, அனுமதி வாங்கி, கடைசியில் என் ஞானஸ்நானம் எழுதப்பட்ட புத்தகத்தின் முன் உட்கார்ந்தேன். அட்டை செல்லரித்திருந்தது. அறுபதுகளின் நடுப்பகுதி வரை எல்லாம் லத்தீன். எங்கள் பெரியப்பாக்கள், சித்தப்பாக்கள் எல்லாரும் அந்தப் புத்தகத்தில் லத்தீன் விகுதியோடு படுத்திருந்தார்கள். குழந்தை பெயர், தாய், தகப்பன், பிறந்த நாள், ஞானப்பெற்றோர், சாமியார் கையெழுத்து. ஓரத்தில் ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கும். அதைப் பார்த்ததும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. வேண்டுதல், நேர்ச்சை ஏதாவது இருந்தால் அங்கேதான் இருக்கும் என்று விரலை வைத்துக்கொண்டே போனேன். அத்தனையும் பிற்காலத்துக் கல்யாணக் குறிப்புகள். இன்ன ஊரில், இன்ன தேதியில், இன்னாரை மணந்தார். கேழ்வரகு இல்லை, களி இல்லை, கிலோ இல்லை. திருச்சபை ஒரு மனிதனைக் கழுவியதையும் கட்டி வைத்ததையும் புதைத்ததையும் எழுதி வைத்திருக்கிறது. அவனுக்குச் சோறு போட்டதை எழுதவில்லை. இரண்டாம் சனிக்கிழமை மாலை புத்தகத்தை மூடும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் சனிக்கிழமை வெறும் பிடிவாதத்தில் போனேன். என் வரியையே மறுபடி படித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடச் சான்றிதழில் என் பிறந்த நாள் 1969, ஜூன் 2. பதிவேட்டிலோ 1968, ஏப்ரல் 5. அந்தக் காலத்தில் வாத்தியார் கையில் கிடைத்த தேதிதானே நமக்குப் பிறந்த நாள்! அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அந்த 1970 ஜூன் இருக்கிறதே! ஒரு வயது நிறைந்த சந்தோஷத்தில் என்னை நிறுத்தார்கள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இந்தக் கணக்குப்படி அன்று எனக்கு இரண்டு வயது இரண்டு மாதம். அந்த வயதில் எதற்குத் தராசு?

இன்னொன்றும் பட்டது. ஞானத்தாய் என்ற இடத்தில் அப்போதும் லத்தீனிலேயே 'மாட்ரினா' என்று எழுதி ஒரு பெண்ணின் பெயர். என் வரியில் இருந்த அதே பெயர் மேலேயும் கீழேயும் வந்துகொண்டே இருந்தது. எண்ணினேன். பதினொரு குழந்தைகளுக்கு ஒரே ஞானத்தாய். ஒரு குழந்தைகூட அவருக்குச் சொந்தமில்லை. அவருடைய அண்ணன் வழிப் பிள்ளைகள் இன்றும் எங்கள் பக்கத்தில் இருப்பதால் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

மீதி இருப்பது எலத்தகிரி அத்தை ஒருத்திதான். அப்பாவின் அக்கா, எண்பத்தைந்தைத் தாண்டியவள். தை மாதம், அவரைக்காய் குவிந்து கிடக்கும் நேரம். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சாப்ட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். "இங்க சாப்பிடலையே" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். சாப்பிட்டு முடித்ததும், ஊறவைத்த அவரைக்கொட்டையை ஒரு குண்டான் நிறைய என் முன்னால் வைத்தாள். பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு. கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு தெறித்து விழும். ஒரு படி பிதுக்க ஒரு மதியம் ஆகும்.

"அத்தை, என்னை மண்டியில நிறுத்தீங்களே..."

"மொதல்ல பிதுக்கு."

"எத்தனை கிலோ இருந்தேன்?"

"பருப்ப நசுக்காத. முழுசா வரணும்."

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போய் வந்தோம். கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னாள். மூன்றாம் நாள் நான் வேலைக்கு லீவு சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவள் முகம் இளகியது என்று இப்போது தோன்றுகிறது. கேள்வியோடு வந்தவனை அவளுக்குப் பிடிக்கவில்லை. தங்கினவனிடம் பேசினாள்.

"நீ நடக்கலடா," என்றாள். "ரெண்டு வயசு தாண்டிச்சு. நிக்க வச்சா துணி மாதிரி மடிஞ்சி உக்காந்துடுவ. ஓசூருக்கும் தூக்கிட்டுப் போனோம், பெங்களூருக்கும் தூக்கிட்டுப் போனோம். அப்புறந்தான் உன் ஞானத்தாய் சொன்னா, புள்ள எடைக்கு ராகி போட்டு அந்தோனியார் பேர்ல சனங்களுக்குக் குடுங்கன்னு."

அந்தம்மா மைசூருக்கு அப்பால் தோரனஹள்ளிப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர், சிறு வயதிலேயே கணவனை இழந்தவர். வீட்டில் ஒரு பெரிய கல் திரிகை. ஊரில் எந்தக் குழந்தைக்கு நேர்ச்சை என்றாலும் தானியத்தைக் கூலி வாங்காமல் அரைத்துக் கொடுப்பார். மாவு அரைத்தவரே ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு கேட்டிருக்கிறார்கள். அதுதான் பதினொன்று.

தோரனஹள்ளிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய் வந்தேன். உழும்போது மண்ணிலிருந்து அந்தோனியார் உருவம் கிடைத்ததாகச் சொல்லும் ஊர். 2019-ல் அந்தக் கோவில் பசிலிக்கா ஆனது. அந்தோனியாருக்கு ஏன் செவ்வாய் என்று அதுவரை நான் கேட்டுக்கொண்டதில்லை. அந்தோனியார் இறந்தது 1231, ஜூன் 13, வெள்ளிக்கிழமை. அடக்கம் செய்தது அடுத்த செவ்வாய், 17-ம் தேதி. அவர் பதுவை அந்தோனியார் என்று நாம் சொன்னாலும் பிறந்தது லிஸ்பனில்.

பதுவையைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதில்தான் ஒரு கதை அகப்பட்டது. பதுவையில் அவருடைய கல்லறைக் கோவில் எழும்பிக்கொண்டிருந்த காலம். பக்கத்து வீட்டில் தொம்மாசினோ என்று இருபது மாதக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து மூழ்கிவிட்டது. தாய் கதறிக்கொண்டு நேர்ந்துகொள்கிறாள்: பிள்ளை பிழைத்தால் அவன் எடைக்குத் தானியம் ஏழைகளுக்கு. குழந்தை எழுந்தது. அந்த நேர்ச்சைக்கு லத்தீனில் 'பொந்துஸ் புவேரி' என்று பெயர், பிள்ளையின் எடை. தூலோன் ரொட்டிக்கு அறுநூறு வருடம் முந்தைய கதை இது. இருபது மாதம் என்று படித்ததும் என் இருபத்தாறு மாதம் நினைவுக்கு வந்தது. புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஓரத்துக் கட்டம் முழுக்க நான் தேடியது எழுநூறு வருடத்துக்கும் முன் ஒரு தாயின் வாயில் இருந்திருக்கிறது.

அதோடு மலையாளி நண்பரின் கேள்வியும் எனக்கு வேறுவிதமாகப் புரிந்தது. துலாபாரத்தில் நிறுத்த பொருள் சந்நிதிக்குப் போகிறது. பதுவைத் தாயும் எங்கள் ஆயாவும் நிறுத்தது பசித்தவர் வயிற்றுக்கு. தராசு இரண்டிலும் ஒன்றுதான், தட்டு இறங்கும் இடம்தான் வேறு. எங்கள் பக்கம் அந்த இடத்துக்குக் கனம் அதிகம். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 தொடங்கி இரண்டு வருடம், பழைய சேலம் ஜில்லா அடிபட்டதுபோல அடிபட்ட இடங்கள் குறைவு. வருடக்கணக்காகக் கெடாத தானியம் என்றுதான் கேழ்வரகைக் குழியில் போட்டு வைத்தார்கள். பத்துக் கிலோ கேழ்வரகு நூறு களி உருண்டை. அதை ஒரே நாளில் வாசலில் வைத்து முடிப்பது கூலி வீட்டுக்குச் சாதாரணம் இல்லை.

மறுபடி அத்தையிடம் போனேன். இந்த முறை பதுவைக் கதையைச் சொன்னேன். கண் மூடிக் கேட்டாள். "அந்தப் புள்ள எத்தன கிலோ?" என்றாள். எழுதவில்லை என்றேன். "எப்பிடி எழுதுவான்? உன்னதும் யாருக்கும் தெரியாது. முள்ளு நேரா நின்னதும் மண்டிக்காரர் போதும்னாரு. உன் ஞானத்தாய் கேக்கல. மொறத்துல அள்ளி அள்ளிக் கொட்டினா. நீ மேல போயிட்ட, தானியத் தட்டு தரையில முட்டிச்சி. சமமா நிறுத்தா அது யாவாரம்டா."

முப்பது வருடமாக முள்ளை நேராக நிறுத்துவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். அன்று அவளுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

"எப்ப நடந்தேன் அத்தை?"

"ஆடி பதினெட்டு கழிச்சி திண்ணையப் புடிச்சி நின்ன. அதுக்குள்ள அவ தினமும் ராகிய மொளகட்டி, அரைச்சி, பால் எடுத்து உனக்கு ஊட்டினா. அந்தோனியார்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "அவ கையாலதான்," என்றாள்.

நூறு கிராம் கேழ்வரகில் முந்நூற்று நாற்பது மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு. இதை அத்தையிடம் சொல்லத் தோன்றவில்லை.

போன ஜூன் 13-க்கு என் பேத்திக்கு ஒன்றரை வயது. நன்றாக நடக்கிறாள், ஓடுகிறாள். நேர்ச்சை ஒன்றுமில்லை, இருந்தாலும் நிறுக்க ஆசைப்பட்டேன். ராயக்கோட்டையில் இப்போது பெயர் பெற்றது தக்காளி மண்டி. அங்கே எல்லாம் எண் காட்டும் எடை மெஷின்கள். அதில் எண் ஏறும், தட்டு சாயாது. தேடி, புளி வியாபாரி ஒருவரின் பரணிலிருந்து சங்கிலி கட்டிய பழைய தராசைக் கேட்டு வாங்கிவந்து வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டோம். குழந்தை தட்டில் உட்கார்ந்ததும் வீல் என்று அழுதது. மருமகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கேழ்வரகைக் கொட்டினேன். முள் நேரே வந்து நின்றது. என் கை தானாக நின்றுவிட்டது.

எலத்தகிரியிலிருந்து காரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை, முறத்தை எடுத்துத் தரச் சொல்லிக் கை நீட்டினாள்.

நொய் வெந்ததும் மாவைக் கொட்டி, இரண்டு பேர் அண்டாவைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்புப் போட்டார்கள். ஈரக்கையால் உருட்டி உருட்டிக் கொடுத்ததில், கீரைக் கடையலோடு, பகல் இரண்டு மணிக்கு எல்லாம் தீர்ந்தது. கோவிலுக்கு வந்தவர்கள், மண்டியில் மூட்டை தூக்குபவர்கள், ஸ்டேஷனில் இறங்கியவர்கள், யார் எவர் என்று கேட்கவில்லை. குடும்பத்துக்குக் கடைசியில்தான். உருண்டை மிஞ்சவில்லை. அண்டாவின் அடியில் பிடித்திருந்த காந்தலை அத்தை கரண்டியால் சுரண்டி, எனக்குக் கொஞ்சம், பேத்திக்குக் கொஞ்சம் என்று கையில் வைத்தாள்.