ஐம்பதினாயிரம் மணித்தியாலங்கள்

இடையறாது ஒலிக்கும் ஒன்றினை நம் செவி விரைவில் மறந்துவிடுகின்றது. அது நின்ற பின்னரே, அத்துணைக் காலமும் அது ஒலித்தமை நினைவுக்கு வருகின்றது. என் தம்பியின் கணினியிலிருந்த சிறு பம்பி எனக்கு இதனை உணர்த்திற்று.

பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்து ஈட்டிய பணத்தைச் சேர்த்து, 2018ஆம் ஆண்டில் தம்பி அக்கணினியைத் தானே பொருத்தினான். விளையாட்டுக்கென அமைந்த அதன் செயலி வெளியிடும் வெப்பத்தைத் திரவமே அகற்றிற்று. செயலியின்மீது ஒரு செப்புத் தகடு; அதன்மேல் உள்ளங்கையில் அடங்கும் பம்பி; அங்கிருந்து இறப்பர்க் குழாய் வழியே திரவம் அலுமினிய ரேடியேற்றருக்குச் சென்று, விசிறிக் காற்றிலே சூடு தணிந்து மீளும். இம்முறை புதியதன்று. 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணினிகள் சில நீரினாற் குளிர்விக்கப்பட்டன.

"இந்தப் பம்பிக்கு 50,000 மணித்தியாலம் ஆயுள், அண்ணை. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் ஓடினாலும் 17 வருசம் நிக்கும்" என்று அன்று அவன் பெருமையோடு கணக்கிட்டுக் கூறினான்.

2022இல், நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்த காலத்தில், அவன் வெளிநாடு சென்றான். "நான் வருமட்டும் கவனமா வைச்சிருங்கோ" என்பதே அவன் விடைபெறுகையிற் சொன்னது. அச்சொல்லை நான் அளவுக்கு மீறியே போற்றினேன். மின்னிணைப்பை அகற்றி, தூசி படாதவாறு துணியால் மூடி, ஈராண்டுகள் அதனைத் தொடாது வைத்திருந்தேன்.

2024இல் என் ஆய்வுக்கான கணக்கீடுகளின் பொருட்டு அதனை இயக்க நேர்ந்தது. முதல்நாள் உள்ளே குமிழிகள் புரளும் ஓசை எழுந்தது. பொருட்படுத்தவில்லை. சில நாட்களின் பின் ஓரிரவு அவ்வோசை அடங்கிற்று. நன்றாயிற்று என்றே எண்ணினேன். சிறிது நேரத்தில் செயலியின் வெப்பநிலை 100 பாகை செல்சியசை எட்டிற்று. கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துப் பார்த்தது, பின்னர் அணைந்தது. இரண்டு நாட் கணக்கீடு அதனோடு அழிந்தது.

திருத்துநர் பம்பியைக் கழற்றி அசைத்துக் காட்டினார். திரவம் குறைந்து தளும்பிற்று. நிறைகுடம் தளும்பாது என்னும் பழமொழி அங்கே நேர்ப்பொருளிலேயே பொருந்திற்று.

ஒழுக்கு எதுவுமில்லாத கலத்தில் நீர் எவ்வாறு குறைந்தது? இறப்பர்க் குழாயின் சுவரினூடே நீராவி மிக மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். வெம்மையில் அது விரைவுபடுமாயினும், இயந்திரம் உறங்கும்போதும் முற்றாக நிற்பதில்லை. அவ்விடத்தைக் காற்று நிரப்பும். பம்பியின் சுழலிக்கு எண்ணெய் இடுவதில்லை. ஓடும் திரவமே அதன் உராய்வைத் தணிக்கின்றது. ஆதலால் காற்றுப் புகுந்ததும் தேய்வு மிகும். செப்பும் அலுமினியமும் ஒரே திரவத்தைத் தொடுவதால், அரிப்பைத் தடுக்கும் சேர்வை வலுவிழக்கையிற் படிவுகள் தோன்றி நுண்ணிய வழிகளை அடைப்பதுமுண்டு. அன்றியும் 50,000 மணித்தியாலம் என்பது பல பம்பிகளுக்குக் கணித்த சராசரியேயன்றி, ஒரு பம்பிக்கு அளித்த வாக்குறுதியன்று. உற்பத்தியாளர் பலர் 5 அல்லது 6 ஆண்டுகளுக்கே பொறுப்பேற்பது இதனாற்போலும்.

குற்றவுணர்வோடு தம்பிக்குத் தொலைபேசியில் அறிவித்தேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "நீங்கள் அதை இவ்வளவு நாளும் பாவிக்கவே இல்லையோ, அண்ணை?" என்றான். பம்பி போனதைவிட அதுவே அவனை வருத்திற்று என்பது குரலிற் புலனாயிற்று. கவனமாக வைத்திருத்தல் என்று அவன் கருதியது வேறு. நான் விளங்கிக்கொண்டது வேறு.

அவன் சொற்படி இப்போது உலோகத் தகடுகளும் விசிறியும் கொண்ட எளிய குளிர்த்தியைப் பொருத்தியுள்ளேன். விசிறி பழுதுற்றால் அதனை மாத்திரம் மாற்றலாம். மாலைதோறும் கணினியை இயக்குகின்றேன். விசிறியின் இரைச்சல் சற்று மிகைதான். ஆயினும் அது கேட்கும்வரை எனக்கு அமைதி.