புத்தகத்தை மூடிட்டுப் படிங்க!

செமஸ்டர் டைம்டேபிள் ஒட்டியாச்சு. இனிமே எல்லார் வாயிலயும் ஒரே டயலாக் தான்: "படிக்கணும் மச்சி, ஆனா மூடே வரல." என்னைக் கேட்டா, படிச்சது மண்டையில நிக்குதுன்னு தெரிஞ்சாலே மூடு தன்னால வரும்.

ஆனா நாம எப்படிப் படிக்கிறோம்? நோட்ஸ் முழுக்க மஞ்சள் கோடு போட்டு, திரும்பத் திரும்ப வாசிக்கிறோம். நாலாவது வாட்டி எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும். ஹால்ல உக்காந்தா தான் தெரியும் சேதி!

2006ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் காலேஜ் பசங்களை வச்சே இதை ஆராய்ச்சி பண்ணாங்க. ஒரு பாடத்தை ரெண்டு தடவை வாசிக்கிறது ஒரு வழி. ஒரு தடவை வாசிச்சிட்டு, பார்க்காம ஞாபகத்துலருந்து எழுதுறது இன்னொரு வழி. 5 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா, வாசிச்சது தான் ஜெயிச்சுது. ஒரு வாரம் கழிச்சு அப்படியே தலைகீழ். எழுதிப் பார்த்தவங்களுக்கு 56 சதவீதம் ஞாபகம் இருந்துச்சு, வாசிச்சவங்களுக்கு 42 தான்.

நம்ம பைனல் அக்கவுண்ட்ஸையே எடுத்துக்குங்க. போட்டு வச்ச கணக்கைப் பார்த்தா ரொம்ப ஈஸி. புத்தகத்தை மூடிட்டு வெள்ளைத்தாள்ல போட்டுப் பாருங்க. அட்ஜஸ்ட்மெண்ட்ல குடுத்த குளோசிங் ஸ்டாக் டிரேடிங் அக்கவுண்ட்ல கிரெடிட் பக்கமும் வரணும், பேலன்ஸ் ஷீட்ல சொத்துப் பக்கமும் வரணும். கூலி பாக்கின்னா கூலியோட கூட்டணும், பொறுப்புப் பக்கமும் காட்டணும். ஒரு இடத்துல விட்டாலும் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது. எங்க விட்டோம்னு அரைமணி நேரம் தேடிக் கண்டுபிடிச்ச அட்ஜஸ்ட்மெண்ட் லேசுல மறக்காது.

மூடி வச்சு எழுதுறப்போ கடுப்பா தான் இருக்கும். நமக்கு எவ்வளவு தெரியலைன்னு அப்பட்டமா தெரியுமே! அதுக்கு ஒரு வழி: தெரியாததை மட்டும் ஒரு துண்டுத்தாள்ல எழுதுங்க. மறுநாள் அதை மட்டும் பாருங்க. வந்ததை அடிச்சிடுங்க. ரெண்டு நாள் விட்டு மறுபடி ஒரு தடவை எழுதிப் பாருங்க. 12 இருந்தது 7 ஆச்சுன்னா, அடுத்த நாள் யாரும் சொல்லாமலே உக்காருவீங்க.

அரியர் வச்சிருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அரியர் இருந்தா பல கம்பெனிகள் கேம்பஸ் இண்டர்வியூக்குள்ளேயே விடுறதில்லை. வீட்ல நம்ம சம்பளத்தை எதிர்பார்த்து உக்காந்திருக்காங்க. அதுக்காக "எனக்குப் படிப்பு வராது"ன்னு முடிவு கட்டிடாதீங்க. இந்தத் தடவை படிக்கிற விதத்தை மாத்திப் பாருங்க.

இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு கணக்கு. புத்தகம் மூடியே இருக்கட்டும். ஆல் தி பெஸ்ட் மக்களே! :-)