புறாவுக்குப் பயந்து அடைத்த ஜன்னல்

2020 ஜனவரி கடைசியில் அவர் என் வக்கீல் ஆபீசுக்கு வந்தபோது கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று மனைவியின் பிரேதப் பரிசோதனைச் சான்று. இன்னொன்று பத்திரிகைச் செய்தி. நேபாளத்தின் டாமனில் குளிருக்குக் கேஸ் ஹீட்டரைப் போட்டு, அறைக்கதவை அடைத்துத் தூங்கிய கேரளத்துச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர், அதில் 4 குழந்தைகள், இறந்துபோன செய்தி.

"இவளுக்கும் இதுதான் நடந்திருக்கும்னு தோணுது சார். ஆனா எங்க வீட்ல கேஸ் வாடையே வரலியே?"

வராது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் தெரியவேண்டும் என்று அதில் மெர்காப்டன் கலக்கிறார்கள். நமக்குத் தெரிந்த வாடை அதுதான். அந்தக் கேஸ் போதிய காற்றில்லாமல் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மார்கழியில் நெல்லையப்பர் கோயிலுக்குப் புறப்பட, விடியுமுன் கேஸ் கீசரைப் போட்டுத் தலைக்குக் குளிக்கப் போனவர் அந்த அம்மா. கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். வலிப்பு என்று தெருவே முடிவுகட்டிவிட்டது. டாக்டர் மட்டும் உடலில் ரத்தம் தேங்கிய இடங்கள் செர்ரிப் பழச் சிவப்பாக இருந்ததைக் குறித்துவைத்து, ரசாயனப் பரிசோதனை முடிவு வரும்வரை இறுதிக் கருத்தை நிறுத்திவைத்திருந்தார். முடிவு வந்தது. கார்பாக்ஸி ஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தம்.

1855-ஆம் வருஷத்து விபத்து மரணச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன்கீழ் வீட்டு ஓனர்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டோம். காலக்கெடு 2 வருஷம். கொரோனாவில் கோர்ட்டு மூடிக் கிடந்து, பிறகு ஒருவழியாக எதிர்வாதம் வந்தது. நல்ல எதிர்வாதம்தான். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் அந்த அம்மா இறந்தபோது நடைமுறைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அதன் இரண்டாம் அட்டவணை பராமரிப்பை இரண்டாகப் பிரிக்கிறது: கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய், வயரிங் ஓனருக்கு, கீசர் ரிப்பேர் குடியிருப்பவருக்கு. "கீசர் அவங்க பாடு" என்று ஒரே வரியில் முடித்திருந்தார் எதிர்த்தரப்பு வக்கீல்.

இங்கிலாந்தாக இருந்தால் 2022 அக்டோபர் முதல், கேஸ் அடுப்பைத் தவிர எரிபொருளில் ஓடும் எந்தச் சாதனம் பொருத்தியிருந்தாலும், குடியிருக்கும் அந்த அறையில் ஓனர் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டவேண்டும். தவறினால் 5,000 பவுண்டு வரை அபராதம். நம் வாடகைச் சட்டத்தில் அலாரம் என்ற பேச்சே இல்லை. ஆகவே கீசரை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தேன். கீசர் பழுதானதாக யாருமே சொல்லவில்லை. காற்று வர வழியில்லை என்பதுதான் எங்கள் வழக்கு.

கோர்ட்டு அனுப்பிய அட்வகேட் கமிஷனர் டேப்போடு போய் அளந்தார். தாமிரபரணிக்கு இரண்டு தெரு தள்ளிய மாடி வீடு. சின்னக் குளியலறை, அடியில் விரல்கூட நுழையாத பிவிசி கதவு. வெண்டிலேட்டர் இருந்த இடத்தில் வெளிப்புறமாக ஒரு பலகை. அதன்மேலும் சுவரின் அதே மஞ்சள் பெயின்ட், இடைவெளி விடாமல். யார் அடைத்தது, எப்போது? குடியிருந்தவர்கள்தான் என்றார் ஓனர்.

வீட்டை எவ்வளவு நன்றாக வைத்திருந்தார் என்று காட்ட அவரே தாக்கல் செய்த ரசீதுக் கட்டில் பதில் இருந்தது. என் கட்சிக்காரர் குடிவருவதற்கு முன்னால் வெள்ளையடித்தபோது பெயின்டர் நீல மையில் எழுதிக் கொடுத்த பில். நாலாவது வரி: "பாத்ரூம் ஜன்னல் பலகை வைத்து அடைத்தது, புறா." கூலி தனியாகப் போட்டிருந்தது. குறுக்கு விசாரணையில் அதைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுத் தன் வக்கீலைப் பார்த்தார்.

அதன்பின் சமரசப் பேச்சு அவர்கள் பக்கத்திலிருந்தே வந்தது. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. அந்தத் தீர்வின்மேல் அப்பீல் கிடையாது, கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும், கட்சிக்காரருக்கு நல்லதுதான். ஆனால் காற்றுவழியை அடைப்பது அட்டவணையில் யார் தலையில் விழும் என்று ஒரு நீதிபதி எழுதியிருக்கவேண்டிய தீர்ப்பு எழுதப்படவே இல்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம்.

கூட்டு மனுவில் என் கட்சிக்காரர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: அடுத்து ஆள் வைக்குமுன் கீசரைக் கழற்றி, ஜன்னலைத் திறக்கவேண்டும். தொகைக்குச் சட்டென்று தலையாட்டிய ஓனர் இதற்குத்தான் மல்லுக்கட்டினார். "தொறந்தா பொறவும் புறா வந்து அடையுமே, வக்கீல் சார்." கம்பிவலை அடித்துக்கொள்ளலாம் என்று அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.