காலடியில் நான்கு அங்குலம்

நகரத்துச் சிறு வீடுகளில் குடித்தனம் செய்வோர், சாமான் வைக்க இடம் போதவில்லை என்றவுடன் கண்ணை மேல்நோக்கிச் செலுத்துவதே வழக்கம். பரண் என்ற அருமையான ஏற்பாட்டை முன்னோர் நமக்கு விட்டுச்சென்றிருப்பதால், அண்டாவும் குண்டாவும் கொலுப் பொம்மைகளும் எவ்விதத் தர்க்கமுமின்றி அங்கே ஏறிவிடுகின்றன. காலடியைக் குனிந்து பார்ப்பவர் அபூர்வம். ஆனால், இக்காலத்துச் சமையல் மேடையின் கீழே வரிசையாக நிற்கும் அலமாரிகளுக்கு அடியில், தரைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, சுமார் நான்கு அங்குல உயரமுள்ள வெற்றிடமொன்று, முன்புறம் நீளப் பலகை அடித்து மூடப்பட்டு, வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருந்துவருகிறது.

அந்த இடம் காரணமின்றி விடப்பட்டதன்று. மேடையருகே நின்று வேலை செய்பவரின் கால்விரல்கள் இடிபடாதிருக்க வேண்டுமென்றே அந்த முன்பலகையை மூன்று அங்குலம் உள்வாங்கி வைக்கிறார்கள். அது இல்லையேல், அரை மணி நேரம் காய் நறுக்குவதற்குள் முதுகு தன் ஆட்சேபத்தைத் தெரிவித்துவிடும். தரையை நீர்விட்டுக் கழுவும் நம் வீடுகளில், மரத்தின் அடியில் ஈரம் ஏறாமல் காப்பதும் அந்த இடைவெளியே. ஆகையால் முன்பலகையை முன்னே இழுக்கவோ, அலமாரியைத் தாழ்த்தவோ நமக்கு உரிமையில்லை. அதற்குப் பின்னாலுள்ள ஆழம் மாத்திரமே நம்முடையது; அதில் ஓர் இழுப்பறையைப் பொருத்திக்கொள்ளலாம். மூன்றடி அகலமுள்ள அலமாரியின் கீழ் ஒன்றரை அடி ஆழம் கிடைக்குமானால், கணக்குப்படி அது ஒன்றரைக் கன அடி; இழுப்பறையின் பலகைக் கனமும், தரையில் உரசாதிருக்க விடும் சந்தும் போக, பொருளுக்கென்று மிஞ்சும் உயரம் மூன்று அங்குலத்துக்கு மேற்படாது.

எங்கள் வீட்டுக்கு வந்த ஆசாரி, முதலில் எவ்விடத்தில் இழுப்பறை கூடாது என்பதைத்தான் சொன்னார். பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே வேண்டாம். குழாய் ஒரு நாள் கசிந்தால் பிளைவுட் ஊதிப்போகும். கேஸ் சிலிண்டர் நிற்கும் இடத்திலும் வேண்டாம்; சமையல் வாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் தரையோடுதான் படியும், அங்கே காற்றுப் போக்குவரத்தை அடைப்பது விபரீதம். மற்ற இடங்களில் தாராளமாகச் செய்யலாம் என்றவர், உற்சாகத்தோடு, "கைப்பிடியே வேண்டாம் சார், கால் நுனியால லேசா தட்டினாப் போதும், தானா வெளியே வந்துடும்" என்றார். என் மனைவி உடனே, "அப்படியானால் அதிலே அரிசி பருப்பு எதுவும் வைக்க முடியாதே, ஆசாரி" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுவதும் தெளிவாகிவிட்டது: இடம் கிடைத்தால் மட்டும் போதாது, அதில் எதை வைப்பது என்பதே கேள்வி. 1926-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண்மணி வகுத்த சமையலறை, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமே கொண்டது. அவ்வளவு சிறிய அறையிலும் அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் தனித்தனியே இருந்தன. மாவுக்கோ, புழு அண்டாதென்று ஓக் மரத்தாலான இழுப்பறை. ஒவ்வொரு பொருளின் சுபாவத்தையும் விசாரித்த பின்னரே அதற்கு அவர் ஸ்தானம் அளித்தார். மறைவிடம் அமைக்க விரும்புகிறவரும் அவ்விசாரணையைச் செய்தே ஆகவேண்டும்.

கால் படும் உயரத்தில் உணவுப் பொருளையும் புத்தகத்தையும் பூஜைத் தாம்பாளத்தையும் வைக்க நம் மனம் ஒப்பாது. நாள்தோறும் வேண்டிய கரண்டியையும் தட்டையும் வைத்தால், குனிந்து குனிந்து இடுப்பு ஒடியும். ஒருபோதும் வேண்டாதவற்றை வைப்பதோ, கண்ணுக்குத் தெரியும் குப்பையைக் கண்ணுக்குத் தெரியாத குப்பையாக மாற்றுவதே ஆகும். இம்மூன்றையும் விலக்கிய பின் மிஞ்சுவது, எப்போதாவது வேண்டியிருப்பதும், வேண்டும்போது உடனே வேண்டியிருப்பதுமான ஒரு சிறு கூட்டம்: மெழுகுவர்த்தி, திருப்புளி, சுத்தியல், மடித்த துணிப்பைகள், பழைய செய்தித்தாள். இவை வேறெங்கே வைத்தாலும் வழியை மறிப்பவை. தேடும் வேளையில் மாத்திரம் காணாமற்போகிறவை. மூன்று அங்குலம் இவற்றுக்குத் தாராளம். அதோடு, முன்பு பலகைக்குப் பின்னால் நிர்ப்பயமாகக் குடும்பம் நடத்திய கரப்பான்களின் ராஜ்யத்தையும், இழுப்பறையை அப்படியே வெளியே எடுத்துவிட்டு மாதமொருமுறை பெருக்கிவிட முடிகிறது.

அந்த இழுப்பறைகளுள் ஒன்றை முழுவதும் நிரப்பிக்கொண்டிருப்பது, தட்டையாக மடங்கும் ஒரு சிறு படி. அதை விரித்து ஏறினால்தான் என் மனைவியின் கைக்குப் பரண் எட்டும். இரண்டு இழுப்பறைகள் கிடைத்ததில் பரணின் பாரம் ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் கீழே எதை வைக்கலாம் என்று ஆராயப் பழகிய பிறகு, மேலே இருப்பவை எதற்காக இருக்கின்றன என்ற கேள்வியை, அந்தப் படியில் ஏறும்போதெல்லாம் அவள் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் என்னுடையதாகவே அமைகிறது.