இடிப்பதற்கும் முறை உண்டு



வீடு கட்டுவதற்கு ஆள் தேடும்போது பலரிடம் விசாரிக்கிறோம், பலமுறை யோசிக்கிறோம். இடிப்பதற்கு என்றால் குறைந்த விலை சொன்னவரிடமே வேலையைக் கொடுத்துவிடுகிறோம். உடைப்பதற்கு என்ன திறமை வேண்டும் என்பது நம் எண்ணம். அவ்வெண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் அறிந்துகொள்வது நல்லது.

சிரம்பானில் உள்ள எங்கள் பழைய வரிசை வீட்டின் பின்புறத்தில் கறையான் அரித்த மரத்தளம், துருவேறிய தகர வேலி, 1980களில் எழுப்பிய ஒரு கொட்டகை ஆகியவை இருந்தன. கொட்டகையின் கூரை சாம்பல் நிற நெளிவுத் தகடுகளால் ஆனது. பள்ளி விடுமுறையில் அனைத்தையும் அகற்ற முடிவு செய்து, இரு குத்தகையாளர்களை அழைத்தேன்.

முதலாமவர் 1,500 வெள்ளி கேட்டார். "ரெண்டு பையன்கள் கூரைமேல ஏறிச் சம்மட்டியால அடிச்சா, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும் சார்" என்றார். குப்பையை எங்கே கொட்டுவீர்கள் என்று வினவினேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் சார்" என்று சிரித்தார்.

இரண்டாமவர் கூரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது அஸ்பெஸ்டாஸா இருக்கலாம் சார். உடைக்கக் கூடாது" என்றார். அவர் கேட்டது 2,800 வெள்ளி.

அஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார். அந்நாளைய சிமெண்டுத் தகடுகள் பலவற்றில் அது கலந்திருந்தது. கண்ணால் பார்த்து உறுதி செய்ய இயலாது. ஆய்வுக்கூடச் சோதனையே உறுதி சொல்லும். தகடு முழுதாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. உடைத்தாலோ அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வரும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். இருபது வயதில் சம்மட்டி பிடித்த பையன் ஐம்பது வயதில் நோயுறும்போது, நம் வீட்டுக் கொட்டகை யார் நினைவுக்கு வரும்? அடுத்த வீட்டில் விளையாடும் குழந்தைகளும் அதே காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள்?

இரண்டாமவரையே அமர்த்திக்கொண்டேன். மின்னிணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர் முன்கூட்டியே துண்டித்தார். பணியாளர்கள் உரிய சுவாசக் கவசம் அணிந்து, தகடுகளை நீரால் நனைத்து, ஆணிகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக உடையாமல் இறக்கினர். தடித்த நெகிழித்தாளில் சுற்றித் தனியே வைத்தனர். கல்நார்த் தூசியும் இழையும் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி சாதாரணக் குப்பை அல்ல. அவை பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவுகள். மரமும் தகரமும் ரோரோ தொட்டியில் ஏறின.

ஆள் அமர்த்துமுன் சிலவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழிவு எங்கே போகும்? யார் பொறுப்பு? பணியாளர்களுக்கு என்ன பாதுகாப்பு? தரைக்குள் இருக்கும் வேலிக்கால்களும் சேர்த்தியா? பொது வேலியாயின் அண்டை வீட்டார் சம்மதம் வேண்டும். அனுமதி தேவையா என்று நகராண்மைக் கழகத்திடம் விசாரியுங்கள். முழுப்பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். கால் பிடுங்கிய குழிகளை உடனே மூடச் சொல்லுங்கள். மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும்.

இறுதியாக, நம் பள்ளிகளைப் பற்றி ஒரு சொல். பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூட்டுப்பணிக்கு அழைத்தால், தந்தையர் சம்மட்டியோடு வருவார்கள். பிள்ளைகள் துண்டுகளைப் பொறுக்குவார்கள். அந்த அன்பு போற்றத்தக்கது. ஆயினும் பழைய கொட்டகையோ சிற்றுண்டிச்சாலைக் கூரையோ இருந்தால், அன்று அதை மட்டும் தொடாதீர்கள். அது என்ன தகடு என்று முதலில் சோதித்தறியுங்கள். செலவு கூடினால் நிதி திரட்டலாம். பிள்ளைகளின் நுரையீரலை எங்கே திரட்டுவது?