கூரை போடுமுன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்!

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நான் இரண்டையும் பார்த்துவிட்டேன். கூடுதலாக இன்னொன்றையும் பார்த்தேன். தகரக் கூரையின் கீழே பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு சித்திரை மாதத்தை! அந்த அனுபவத்தைச் சொன்னால் ஒரு வீட்டிலாவது ஒரு குழந்தை நிம்மதியாகத் தூங்குமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ராஜபாளையம். மேற்கே மலைத்தொடர், ஊரை ஒட்டிச் சஞ்சீவி மலை. மலை இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, குளுகுளுவென்று இருக்குமே என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பங்குனி, சித்திரையில் ஒரு நாள் வந்து தங்கிப் பார்க்கட்டும்!

நாலு வருஷத்துக்கு முன்னால் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். எங்களுடையது சின்ன வீடு. பிள்ளை பெற்றவளுக்குத் தனி அறை வேண்டுமே என்று, என்னவர் அவசர அவசரமாக மொட்டை மாடியில் ஓர் அறை கட்டினார். நாலு பக்கமும் சுவர், மேலே பச்சை நிற ஷீட். பத்தே நாளில் வேலை முடிந்தது. கூரை போட வந்தவர், “எட்டடி உயரம் போதும்க்கா, சுவர்ச் செலவு மிச்சம்” என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். மிச்சம் என்ற வார்த்தையைக் கேட்டால் நமக்கு வேறெதுவும் காதில் விழாதே!

பங்குனிக் கடைசியில் பேத்தி பிறந்தாள். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் மத்தியானம் மேலே போனேன். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது இறக்கியது காற்றா? அடுப்படி அனல்! குழந்தையின் நெற்றியும் மார்பும் செக்கச்சிவந்து, கழுத்தெல்லாம் வேர்க்குரு. மகள் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். “காலைலருந்து சரியாப் பால் குடிக்க மாட்டேங்குதும்மா. துணியும் நனையல” என்றாள். தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது.

தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினோம். பரிசோதித்துவிட்டு அவர் முதலில் கேட்டது, “குழந்தை எந்த ரூம்ல இருக்கு?” என்பதைத்தான். சொன்னோம். “நோய்க் காய்ச்சல் மாதிரி தெரியலம்மா. ரூம் சூடு உடம்புல ஏறியிருக்கு. இன்னிக்கே கீழே கொண்டு வந்துடுங்க. ஒற்றைப் பருத்தித் துணி போதும். அடிக்கடி தாய்ப்பால் கொடுக்கணும். தண்ணி, சர்க்கரைத் தண்ணியெல்லாம் ஆறு மாசம் வரைக்கும் கூடாது” என்றார். துவண்டு போனாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சுட்டாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றும் கண்டித்தார். அன்று சாயங்காலமே தொட்டில் கீழே வந்தது. இரண்டு நாளில் பேத்தி பழையபடி ஆனாள்.

கதை அதோடு முடியவில்லை. ஆடி வந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைப் பற்றிக் கேட்க வேண்டுமா? ஓர் இரவு படீர் என்று சத்தம். மேலே போய்ப் பார்த்தால் ஓரத்து ஷீட் ஒன்றைக் காணோம்! பின்சந்தில் கிடந்தது, கத்தி மாதிரி. ராத்திரியாக இருந்ததால் தப்பித்தோம். பகலில் அந்தச் சந்தில்தான் பிள்ளைகள் விளையாடும்.

அன்றைக்கு நான் தகரக் கூரை என்றாலே வேண்டாம் என்று சபதம் போட்டேன். ஆனால் பாருங்கள், அடுத்த வருஷமே மாப்பிள்ளை வீட்டில் அதே பேச்சு வந்தது!

மாப்பிள்ளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். எங்கள் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அவர் அப்பா காலத்தில் கட்டிய வீட்டுக்கு மேலே ஒரு கூடமும் படுக்கையறையும் கட்ட ஆசைப்பட்டார்கள். என்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, பழைய சுவர் இன்னொரு கான்கிரீட் தளத்தைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். ஒரு சதுர மீட்டர் கான்கிரீட் தளம் ஐந்து அங்குல கனத்தில் 300 கிலோவுக்கு மேல் இருக்குமாம். அதே இடத்துக்கு இரும்பு ஷீட் 5 கிலோவுக்குள்தானாம்! சீமை ஓடு போடலாமே என்றேன். சம்பந்தியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். “மரச் சட்டம் விக்கிற விலையில ஓடா? குரங்கு வந்து ஒரு ஆட்டம் ஆடிச்சுன்னா மாசா மாசம் ஓடு மாத்தணும். ஏன் பயப்படுறீங்க? 2016ல நம்ம ஆண்டாள் விமானத்துக்கே தங்கத் தகடு போர்த்தியாச்சு. ஆண்டாளுக்கே தகட்டுக் கூரைதான், நமக்கென்ன!” என்று சிரித்தார்.

சரி, தகடுதான் என்றால் இந்தத் தடவை நான் சும்மா இருக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். வரைபடம் போடும் அன்றைக்கே என்ஜினியர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என்னவருக்குக் கொஞ்சம் கூச்சம்தான். “உனக்கெதுக்கு இதெல்லாம்?” என்றார். “காலையில வேலைக்குப் போயிட்டு ராத்திரி வர்றவங்களுக்கு எந்தக் கூரையா இருந்தா என்ன? மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்தக் கூரைக்குக் கீழ இருக்கப் போறது நாங்கதானே?” என்றேன். அப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை.

என்ஜினியர் பொறுமைசாலி. கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னார். எங்கள் ராஜபாளையத்து அறையில் செய்த தப்புகள் ஒவ்வொன்றாகப் புரிந்தன.

முதல் தப்பு உயரம். வெயிலில் காய்ந்த தகடு கீழ்நோக்கி அனலை வீசிக்கொண்டே இருக்கும். எட்டடியில் அது தலைக்கு நேர் மேலே நிற்கிறது. சூடான காற்று மேலே போகும், ஆனால் போக வழி வேண்டாமா? அதனால் இங்கே சுவரை ஒன்பதரை அடிக்கு உயர்த்தி, நடு முகட்டைப் பதின்மூன்று அடிக்குக் கொண்டுபோனோம். முகட்டு ஓரத்தில் காற்று வெளியேற இடைவெளி விட்டு, கம்பி வலை அடித்து, மழை புகாதபடி மூடி போட்டோம். மேலே டர்போ ஃபேன் ஒன்றும் வைத்தோம். மில் கூரைகளில் உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருக்குமே, அதுதான். காற்றிலேயே சுற்றும், கரண்ட் வேண்டாம். சூடு மேலே போனால் கீழிருந்து புதுக்காற்று வர வேண்டுமே! அதற்காக எதிரெதிர்ச் சுவர்களில் தாழ்வான ஜன்னல்கள் வைத்தோம்.

இரண்டாவது தப்பு நிறம். மாப்பிள்ளை, “அத்தை, கறுப்பு ஷீட் ரொம்ப அழகா இருக்கு. ஃபோன்ல பாருங்க” என்றார். “அழகுதான் மாப்பிள்ளை. ஆனா கறுப்புச் சேலையைக் கட்டிக்கிட்டு வெயில்ல நின்னு பாருங்க, தெரியும்” என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வெள்ளையோ சந்தன நிறமோ வெயிலைத் திருப்பி அனுப்பும். அடர்ந்த நிறம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பளபளவென்று இருக்கும் வெறும் தகரம் குளிர்ச்சி என்று நினைக்காதீர்கள். அது வெயிலைக் கொஞ்சம் திருப்பினாலும், ஏறிய சூட்டை லேசில் விடாது. நாங்கள் போட்டது ஓடு மாதிரியே வளைவு கொடுத்த சந்தன நிற ஷீட். தெருவிலிருந்து பார்த்தால் ஓட்டு வீடு என்றே நினைப்பார்கள்.

மூன்றாவது, ஷீட்டின் தரம். கடையில் போய், ‘நல்ல ஷீட்டாக் கொடுங்க’ என்று கேட்டால் போதாது. துத்தநாகம் மட்டும் பூசியதா, அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசியதா என்று கேளுங்கள். இரண்டாவதில் நூற்றுக்கு 55 பங்கு அலுமினியம். வெறும் துத்தநாகப் பூச்சைவிட அதிக நாள் துருவைத் தாங்கும். சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். ‘அரை மில்லி மீட்டர்’ என்றால் பெயிண்டும் பூச்சும் சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விலை வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இதற்கு நடுவில் தெரிந்தவர் ஒருவர் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சும்மாவே தருகிறேன், துணி துவைக்கும் இடத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடையும்போதும் கிளம்பும் தூசிதான் நுரையீரலுக்கு எமன். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் பதற வேண்டாம். ஆனால் ஓட்டை போடுவது, தேய்த்துக் கழுவுவது, உடைந்த துண்டைப் பெருக்குவது எதுவும் கூடாது. எடுக்க நேர்ந்தால் நனைத்து, உடைக்காமல், முழுசாக இறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

நான்காவது, கீழ்ப் போர்வை. இதுதான் முக்கியம். ஷீட்டுக்கு அடியில் பளபளப்பான அலுமினியத் தாள் ஒட்டிய காப்பு விரிப்பைக் கட்டி, அதற்கும் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு உள்கூரை அடித்தோம். பளபளப்பு முகம் அந்தக் காற்று இடைவெளியைப் பார்த்து இருக்க வேண்டும். இரண்டு பரப்புக்கு நடுவே ஒட்டி நெருக்கிவிட்டால் பாதிப் பலன் போய்விடும். பணம் இருப்பவர்கள் நடுவில் நுரை வைத்த பஃப் பேனலே வாங்கலாம், விலை கூட. இந்த உள்கூரையால் இன்னொரு லாபம், மழைச் சத்தம் வெகுவாகக் குறையும். ஐப்பசி மழையில் குழந்தை திடுக்கிட்டு எழுந்து அழாது.

ஐந்தாவது, ஆடிக் காற்று. காற்று கூரையை அழுத்தும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம்! சரிவு குறைந்த கூரையின் மேல் தாவிப் போகும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு அதிகம். எங்கள் வீட்டில் பறந்ததும் ஓரத்து ஷீட்தானே! இங்கே ஓரங்களில் குறுக்குக் கம்பிகளை நெருக்கமாக வைத்து, ஸ்க்ரூவையும் கூடுதலாகப் போட்டார்கள். இறவாரத்தை ரொம்ப நீட்டவில்லை. ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கும்படி முறுக்கினால் ஒரே வருஷத்தில் ஒழுகும். துளையிட்ட இரும்புத் தூளை அன்றைக்கே துடைப்பத்தால் கூட்டித் தள்ளச் சொன்னேன். விட்டால் அந்த இடமெல்லாம் துருக்கறை.

சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தில் கொத்தனார் வழக்கம்போல் சிமெண்ட் கலவையை அப்ப வந்தார். என்ஜினியர் தடுத்துவிட்டார். ஈரச் சிமெண்ட் அலுமினியப் பூச்சை அரித்துவிடுமாம். அதே வகைத் தகட்டை மடித்துப் பட்டியாகப் போட்டுத்தான் அந்த மூலையை மூடினார்கள்.

கடைசியாக ஒன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. தகரக் கூரையில் ஒரு வயர் உரசித் தோல் உரிந்தால் கூரை முழுவதும் மின்சாரம் பாயும். அதிலிருந்து கொடிக்கம்பி கட்டி ஈரத்துணி காயப்போடுவது நாம்! கூரைக்கு எர்த் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியை வைக்கச் சொல்லுங்கள். துணிக்கு நைலான் கயிறே போதும்.

கூரையில் விழும் மழையையும் விடவில்லை. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது நினைவிருக்குமே. 500 சதுர அடிக் கூரையில் 20 மில்லி மீட்டர் மழை பெய்தால் 900 லிட்டர் விழும், சேதாரம் போக 700, 800 லிட்டராவது கிடைக்கும். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதைத் தொட்டிக்குத் திருப்புகிறார்கள். துணி துவைக்கவும் செடிக்கும் போதும் போதும் என்றாகிறது.

செலவு? உள்கூரையும் உயரமும் சேர்ந்ததில் கணக்கு எகிறத்தான் செய்தது. என் பங்குக்கு நான் சீட்டு எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி அலமாரியையும் பால்கனி அலங்காரத்தையும் மகள் தள்ளிப் போட்டாள். அலமாரியை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். சுவரை அப்புறம் உயர்த்த முடியுமா?

போன சித்திரையில் அங்கே போயிருந்தேன். கான்கிரீட் வீட்டைவிடக் குளுமை என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். மத்தியானம் வெக்கை இருக்கத்தான் செய்தது. ஆனால் இருக்க முடிகிற வெக்கை. பேத்தி தரையில் பாய் விரித்து இரண்டு மணி நேரம் அசந்து தூங்கினாள். பிறந்த மாதத்தில் அவள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக எங்கள் மாடி அறைக்கும் உள்கூரை அடிக்கச் சொல்லிவிட்டேன். உயரத்தைக் கூட்ட முடியாது, செய்த தப்பு தப்புதான். ஆனாலும் ஷீட்டுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, ஓரங்களை இறுக்கி, முகட்டில் காற்றுவழி திறந்த பிறகு சாயங்காலத்திலாவது அங்கே உட்கார முடிகிறது. மத்தியானத்தில் மட்டும் பிள்ளைகளை மாடிக்கு விடுவதில்லை.

சகோதரிகளே, வீட்டுக்கு வரைபடம் போடும்போது ‘சமையலறை மேடை எவ்வளவு உயரம் வேணும்?’ என்று மட்டும்தான் நம்மைக் கேட்பார்கள். கூரையைப் பற்றியும் நீங்களாகவே கேளுங்கள். உயரம் என்ன, நிறம் என்ன, சூடு எந்த வழியாக வெளியே போகும், காற்று வந்தால் எது பிடித்து நிறுத்தும் என்ற நாலு கேள்வி போதும். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்!